தயவுசெய்து இயல்பாகத் திணறவும்

மைக்கம்மாவுக்கு மூச்சு எப்போதும் வாக்கியத்தின் நடுவில்தான் நிற்கும்.

"ஆற்றங்கரை வழியாகச் செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில்..." என்று ஒலிபெருக்கியில் கணீரென்று குரல் வரும். அவ்வளவுதான். அந்தப் பேருந்து புறப்படப்போகிறதா, வரப்போகிறதா, இல்லை ரத்தாகிவிட்டதா என்று தெரியாமல் பயணிகள் மூட்டையும் பையுமாகக் கம்பத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏற, நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது மாதிரி இழுத்துக்கொண்டிருப்பாள். மூச்சு திரும்பி வந்து, "புறப்படும்" என்று அவள் முடிக்கும்போது பேருந்து போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்தக் கூண்டைக் கட்டியவர் யாரோ, மூச்சு விடுகிற ஆளை மனதில் வைத்துக் கட்டவில்லை. நிலையத்துக்குள் வரும் ஒவ்வொரு வண்டியும் பின்பக்கமாக வந்து, புகைக்குழாயை நேராக அவளுடைய சன்னலுக்குக் காட்டித்தான் நிற்கும். சன்னலைச் சாத்தினால் புழுக்கம். திறந்தால் டீசல். பதினைந்து வருடமாக அவள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தாள். அவள் கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். மனைவியின் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பூட்டுக்கு மட்டும் அவரிடம் சாவி இல்லை.

இதற்கிடையில் பணிமனை மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இனிமே பாதி அறிவிப்பு வந்துச்சுன்னா மெஷின் வாங்கி மாட்டிடுவோம்மா. அதுக்கு மூச்சே தேவையில்ல."

அப்படி ஒருநாள் அவள் பாதியில் நிறுத்தியபோதுதான், பேருந்துக்குக் காத்திருந்த ஓர் இளைஞன் கழுத்தில் அடையாள அட்டை ஆட ஆட ஓடிவந்து கூண்டின் கதவைத் தட்டினான். முகமெல்லாம் மலர்ச்சி.

"இப்போ பாதியில நிறுத்தினது நீங்கதானே? ரொம்ப நல்லா இருந்துது மேடம்."

அவனிடம் பதில் சொல்ல மூச்சு இல்லாமல் அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அடடா, பேசக்கூட முடியலையா! ராத்திரியில முழிப்பு வருதா?"

"தினம் வருது."

"அருமை. மாடி ஏறினா?"

"ரெண்டாவது படியிலயே உக்காந்துடுவேன்."

"அற்புதம்! போன வருஷம் ஆஸ்பத்திரியில சேர்ந்தீங்களா?"

"ரெண்டு தடவ."

அவன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். தொலைந்துபோன அக்காவைக் கண்டுபிடித்தவன் மாதிரி அவன் கண் கலங்கியிருந்தது. "உங்கள மாதிரி ஒருத்தரத்தான் மேடம் இத்தன நாளா தேடிட்டு இருந்தோம்."

அவன் மூச்சுநல இயல்புலக ஆய்வு மையத்தின் ஒருங்கிணைப்பாளர். ஆஸ்துமா அடங்காத பெரியவர்களுக்கு இரட்டை மருந்து இன்ஹேலர் நிஜ வாழ்க்கையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று மையம் ஆராயப்போகிறது. மருந்து இலவசம். இலவசம் என்றதும் கணவர் சந்தேகப்பட்டார், மகள் அம்மாவின் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

மையத்தின் வாசலிலேயே அவள் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினார்கள். அதில் பெரிய எழுத்தில் 'கட்டுப்பாடற்றவர்' என்று இருந்தது.

"அம்மா, கட்டுப்பாடு இருக்கா இல்லையா?" என்று கேட்டார் வாயிற்காவலர்.

"இல்லைன்னுதான் எழுதியிருக்கு."

"அப்போ இந்த வரிசை. கட்டுப்பாடு இருக்கிறவங்களுக்கு உள்ள அனுமதி இல்ல."

வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற கனத்த மனிதர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கையெல்லாம் தீப்பொறி பட்ட தழும்பு. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். "நான் பல வருஷமா கட்டுப்பாடில்லாதவன்தாம்மா. என் சம்சாரத்தக் கேட்டா கல்யாணம் ஆனதுலேர்ந்துன்னு சொல்லுவா," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்ததில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் அவளுக்கு வெல்டிங் அண்ணன்.

தொடக்க விழாவில் இயக்குநர் பேசினார். நரைத்த தலை, நல்ல குரல், எங்கேயும் அவசரமில்லாத மூச்சு.

"இந்த இன்ஹேலரில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைக்கும். மற்றொன்று இறுகிய குழாயைத் தளர்த்தும். பரிசோதனைக் கூடத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. ஏன்? அங்கே நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்கிறார்கள், மறந்தால் நினைவூட்டுகிறார்கள். இது என்ன ஆராய்ச்சி? இது செல்லம்! நாம் ஆராய்வது நிஜ வாழ்க்கையை. நிஜ வாழ்க்கையில் நம் மக்கள் மருந்தைத் தப்பாக இழுப்பார்கள், மறப்பார்கள், பாதியில் விடுவார்கள். அந்த மக்களை அப்படியே, ஒரு கை படாமல், ஒரு சொல் படாமல் பாதுகாப்பதுதான் நம் மையத்தின் புனிதக் கடமை."

கைதட்டல் ஓய நேரமானது. கட்டுப்பாடற்றவர்களும் தட்டினார்கள். தட்டியதில் சிலருக்கு இளைத்தது.

மருந்து கொடுக்கும் மேசையில் ஓர் ஊழியர் ஒவ்வொரு அட்டைப்பெட்டியாகத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த விளக்கத்தாளை உருவிக் கூடையில் போட்டுவிட்டு, பெட்டியை மூடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாள் எனக்கு வேணுமே தம்பி," என்றாள் மைக்கம்மா.

ஒருங்கிணைப்பாளர் பதறிக்கொண்டு வந்தான். "அது கூடாது மேடம். நிஜ வாழ்க்கையில யாரு அதப் படிக்கிறாங்க?"

"நான் படிப்பேனே."

"நீங்க படிச்சா அது விதிவிலக்கு. விதிவிலக்க வெச்சுகிட்டு ஆய்வு பண்ண முடியாது."

"சரி, நீங்களாவது சொல்லுங்க. இத எப்படிப் போட்டுக்கறது?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கேக்காதீங்க மேடம். உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போட்டுக்கணும். நாங்க சொல்லிக் குடுத்தா அப்புறம் அது உங்க வாழ்க்கையா இருக்காது."

"காலையிலயா, ராத்திரியா?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"ரெண்டு வேளையும்..."

"ஐயோ, தோணினத வெளிய சொல்லாதீங்க. பக்கத்துல ஆளுங்க இருக்காங்க."

அப்படியே ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூக்குக்குள் அடித்துக்கொண்டார். ஓர் அம்மாள், வலிக்கிற இடத்தில்தானே மருந்து போட வேண்டும் என்று சேலைக்கு மேலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டார். வெல்டிங் அண்ணன் வாய் நாற்றத்துக்குப் போடுவதுபோல நாக்கின் மேல் அடித்துவிட்டு, "கசக்குது. கசந்தா நல்ல மருந்துதான்," என்றார். மைக்கம்மா இழுப்பு வரும்போது மட்டும் வாயை ஆவென்று திறந்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து அமுக்கினாள். வெள்ளையாக ஒரு புகை வாய்வரை வந்து, உள்ளே போகப் பிடிக்காமல் திரும்பிப் போயிற்று. மையத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்தின் பயன் சுமார் என்று முதல் அறிக்கை வெளிவந்தது. நிஜ வாழ்க்கை தன்னை வெளிப்படுத்தத் தொடங்கிவிட்டது என்று இயக்குநர் மகிழ்ந்தார்.

அடுத்து நோயாளிகளின் வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. ஆனால் வீடுகள் தூரமாகவும் சந்துகளுக்குள்ளும் இருந்தன. எனவே மையத்தின் மூன்றாம் மாடியிலேயே ஒரு நிஜ வீட்டைக் கட்டினார்கள். சோபா, திரைச்சீலை, அடுப்பு எல்லாம் வந்தன. ஓவியர் ஒருவர் சுவரில் ஈரக்கசிவை வரைந்து, பூஞ்சைக்குப் பச்சை தீட்டினார். தூசி வெளியிலிருந்து தரச்சான்றிதழோடு வந்தது. கெட்டுப்போகாமல் இருக்கக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். சண்டை போடுகிற பக்கத்துவீட்டுக்காரியாக நடிக்க நாடகக்காரி ஒருத்தியை நியமித்தார்கள். கதவில் ஒரு பலகை தொங்கியது: 'உள்ளே இயல்பு வாழ்க்கை நடைபெறுகிறது. அமைதி காக்கவும்.'

லிஃப்ட் ஊழியர்களுக்கு மட்டும் என்பதால் மைக்கம்மா மூன்று மாடியையும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். உள்ளே போனதும் குளிர்சாதனத்தின் வடிகட்டிய காற்று முகத்தில் பட்டது. சோபாவில் சாய்ந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு இளகியது. பக்கத்துவீட்டுக்காரி தாளைப் பார்த்து, "உன் வீட்டுக் குப்பையை என் வாசலில் ஏன் கொட்டினாய்?" என்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் தூங்கிப்போனாள்.

ஒருங்கிணைப்பாளர் தோளைத் தட்டி எழுப்பினான். "என்ன மேடம் இது, நீங்க திணறவே இல்ல! வீட்டுல இப்படியா இருப்பீங்க?"

"வீட்டுல எங்க தம்பி தூக்கம் வருது?"

"அதானே! அப்போ ஏன் இங்க நடிக்கிறீங்க? தயவுசெஞ்சு இயல்பாத் திணறுங்க."

"எங்க வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. வந்து பாத்துட்டுப் போயிடலாமே?"

அவன் பரிதாபமாகச் சிரித்தான். "அங்க எங்க கைக்கு அடங்காத விஷயம் நிறைய இருக்கும் மேடம்."

கைக்கு அடங்காத விஷயம் பேருந்து நிலையத்தில் ஒரு மத்தியானம் நடந்தது. மூன்று வண்டிகள் ஒரே நேரத்தில் முடுக்கிப் புகை கக்கின. அவள் இன்ஹேலரை எடுத்து வாய்க்கு நேரே பிடித்து அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். புகை வந்தது, போனது. திடீர் இழுப்புக்கென்று முன்பு வாங்கிய நீலப் பம்பைக் கையால் துழாவினாள். அது எப்போதோ காலியாகியிருந்தது. மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அவளுடைய இழுப்பு நிலையம் முழுவதும் கேட்டது. நேரக்காப்பாளர் ஓடிவந்து பார்த்தபோது உதடு நீலம் பூத்திருந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. நின்றிருந்த ஆற்றங்கரை வண்டியில் அவளைத் தூக்கி ஏற்றினார்கள். ஓட்டுநர் தடத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கு விட்டார். உள்ளே இருந்த பயணிகளும் கூடவே போனார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. ஓர் அம்மா வழி நெடுக அவள் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் முகமூடி வைத்து, மருந்துப் புகை கொடுத்து, உயிர் திரும்பிய பிறகு செவிலியர் அவள் பையிலிருந்த இன்ஹேலரை எடுத்துப் பார்த்தார். "நல்ல மருந்தாச்சே இது. எப்படிப் போட்டுக்கறீங்க, காட்டுங்க."

மைக்கம்மா வாயைத் திறந்து காட்டினாள்.

செவிலியர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "இவ்வளவு நாளா மருந்து மோட்டுவளைக்குத்தான் போயிருக்கு. உங்க வீட்டு மோட்டுவளைக்கு ஆஸ்துமா இருந்திருந்தா இந்நேரம் குணமாயிருக்கும்," என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். "நல்லாக் குலுக்குங்க. உள்ள இருக்கிற மூச்ச முழுசா வெளிய விடுங்க. உதட்டால இறுக்கிக் கவ்வுங்க. மெதுவா இழுக்க ஆரம்பிச்சதும் அமுக்குங்க, இழுக்கறத நிறுத்தாதீங்க. அப்புறம் முடிஞ்சவரைக்கும் மூச்சப் பிடிச்சு வெய்யுங்க. முடிஞ்சதும் வாயக் கொப்பளிச்சுத் துப்பிடுங்க. இழுப்பு இருந்தாலும் இல்லாட்டியும் காலையில, ராத்திரி, தினம். திடீர்னு வர்றதுக்கு நீலப் பம்பு எப்பவும் பக்கத்துல இருக்கணும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாங்க. ஏன், உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"சொன்னா என் வாழ்க்கை கெட்டுப் போயிடும்னு சொன்னாங்க," என்றாள் மைக்கம்மா.

சில வாரங்களில் அவள் இரவு முழுவதும் தூங்கினாள். கணவர்தான் விழித்துக்கொண்டு, சத்தமே வரவில்லையே என்று பயந்துபோய் அவள் மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தார். ஒருநாள் காலை, "மலையடிவாரம் செல்லும் விரைவுப் பேருந்து நான்காவது நடைமேடையிலிருந்து இப்போது புறப்படும், பயணிகள் முன்வாசல் வழியாக ஏறவும்," என்று அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நிலையத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஓட்டுநர்கள் எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். மெஷின் வாங்குகிற பேச்சு அதோடு நின்றது.

வெல்டிங் அண்ணனுக்கு அவள் மையத்தின் வாசல் பெஞ்சிலேயே சொல்லிக்கொடுத்தாள். பிறகு ஆசிரியருக்கு, நெஞ்சில் அடித்துக்கொண்ட அம்மாளுக்கு, கேட்டவர்களுக்கெல்லாம். ஒரு மாதம் கழித்து வெல்டிங் அண்ணன் மூன்றாம் மாடிவரை நிற்காமல் ஏறிப்போய்விட்டு இறங்கி வந்தார். மேலே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

"எதுக்கண்ணா ஏறினீங்க?"

"சும்மாத்தாம்மா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூச்சு இவ்வளவு தூரம் உள்ள போகும்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

மையத்தில் அபாயச்சங்கு ஊதாத குறை. புள்ளியியல் அதிகாரி இயக்குநரின் அறைக்கு ஓடினார். "சார், ஒரு வரிசையே நல்லாயிடுச்சு சார்! கோடு ஒரேயடியா மேல போகுது. எங்கயோ தப்பு நடந்திருக்கு." விசாரணை வைத்ததில் குற்றவாளி அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டாள். ஏனென்றால் மைக்கம்மாவே எழுந்து, "நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்," என்றாள்.

பாராட்டப்போகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். வெல்டிங் அண்ணன் அதற்காகவே சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"உங்க மேல கோபம் இல்லம்மா," என்றார் இயக்குநர். "வருத்தம்தான். எங்க ஆய்வுல நீங்க கலப்படம் பண்ணிட்டீங்க. சரியான முறையில பயன்படுத்தறது பத்தி எங்க நெறிமுறையில ஒரு வார்த்த இருக்கா? இல்ல."

"ஐயா, மருந்து வேலை செய்யுதா இல்லையான்னுதானே பாக்கறீங்க? வேலை செய்யுதுங்க. இந்த அண்ணன் மாடி ஏறுறார்."

"அதுதாம்மா பிரச்சனை." இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு மேடைக்குரல் வந்துவிட்டது. "சொல்லிக்கொடுத்தால் வேலை செய்யும் என்று நாங்கள் எழுதினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்பார்கள். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும், நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். அதற்கெல்லாம் எங்களிடம் திட்டம் கிடையாது. எங்களிடம் இருப்பது ஆய்வு. மருந்தின் பயன் சுமார் என்று வந்தால்தான் ஏன் சுமார் என்று அடுத்த ஆய்வு செய்ய முடியும். நீங்கள் எங்கள் அடுத்த பத்து வருடத்தில் கைவைத்துவிட்டீர்கள்."

தீர்ப்பு உடனே வந்தது. ஆசிரியரும் மற்றவர்களும், கற்றதை மறந்துவிடுவதாக எழுதிக் கொடுத்து மன்னிப்புப் பெற்றார்கள். மைக்கம்மாவும் வெல்டிங் அண்ணனும், மறக்க முடியாது என்று சொன்னதால், நீக்கப்பட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒரு தட்டை நீட்டினான். அவர்கள் இருவரும் இன்ஹேலரை அதில் வைத்தார்கள். கழுத்து அட்டையையும் கழற்றிக் கொடுத்தார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் கேட்டபோது செவிலியர் கையை விரித்தார். அந்த மருந்தின் இருப்பு முழுவதையும் மையம் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டதாம். கடையில் விலையைக் கேட்ட கணவர், சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை கேட்டார். அவளுக்கு மருந்து வாங்க, அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடை திறக்க ஆரம்பித்தார்.

"நீங்க என்னண்ணா பண்றீங்க?" என்று அவள் பேருந்து நிலையத்தில் பார்த்தபோது கேட்டாள்.

"நானும் வாங்கிட்டேம்மா. கவலைப்படாத."

வாங்கவில்லை. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம் அது. தங்கை மாதிரி ஒருத்தியிடம் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். மையத்துக்கு மேல்முறையீடு செய்தார். மறுபடி கட்டுப்பாடு இழந்துவிட்டதாக நிரூபித்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். "அதுக்கென்ன, எனக்குத் தெரியாத தொழிலா?" என்று அவர் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். மருந்து இல்லாத உடம்பு சீக்கிரமே நிரூபித்துக் கொடுத்துவிட்டது. பெயரை மீண்டும் பதிவு செய்து, மருந்து வாங்க அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பட்டறை ஈரம் பூத்துக் கிடந்தது. ஒரு சாயங்காலம், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே அவருடைய கால்கள் தெரிவதைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் உள்ளே ஓடினார். கையில் நீலப் பம்பு இருந்தது. அதில் ஒன்றும் மீதியில்லை.

மைக்கம்மாவுக்குச் செய்தி வந்தபோது கூண்டில் இருந்தாள். அன்றைக்கு அவள் சொன்ன அறிவிப்புகள் எல்லாம் பாதியில் நின்றன. மேலாளர் ஒன்றும் கேட்கவில்லை.

மையத்திலிருந்து வெல்டிங் அண்ணன் வீட்டுக்கு மாதாமாதம் தொலைபேசி வந்தது. முதல் மாதம் எடுத்தவர் அவர் மனைவி, மைக்கம்மாவுக்கு அண்ணி.

"வணக்கம், இந்த மாசம் உங்க வீட்டுக்காரருக்கு மூச்சுத்திணறல் வந்துச்சா?"

அண்ணிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "இல்லீங்க," என்றார்.

"ராத்திரியில முழிச்சுக்கறாரா?"

"முழிக்கிறதே இல்லீங்க."

"வேற ஏதாவது தொந்தரவு?"

"இனிமே அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு அண்ணி அழுதார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுததால் அந்தப் பக்கம் கேட்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம் மேடம்," என்றது குரல்.

அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த மாதமும்.

மழை முடிந்து வெயில் ஏறிய நாளில் அண்ணி பேருந்து நிலையத்துக்கு வந்து கூண்டின் கதவருகே நின்றார். "அந்த மையத்துலேர்ந்து விழாவுக்குக் கூப்பிட்டிருக்காங்கம்மா. அவருக்கு ஏதோ மரியாதை செய்யறாங்களாம். செத்தவர நெனச்சுப் பாக்கறாங்களே, பெரிய மனுஷங்கதான். எனக்கு அங்க யாரையும் தெரியாது. கூட வர்றியா?"

நிறைவு விழா அரங்கில் புது வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. மைக்கம்மா அண்ணியை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு, கதவோரம் காற்று வருகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

இயக்குநர் முடிவுகளை அறிவித்தார். நிஜ வாழ்க்கையில் இரட்டை மருந்து இன்ஹேலரின் பயன் சுமார். "ஆனால் ஒருவர் இருக்கிறார்!" என்று குரலை உயர்த்தினார். "தொழிலாளி. தூசியிலும் புகையிலும் வேலை செய்பவர். ஒருமுறை நெறிதவறி நீக்கப்பட்டு, திருந்தித் திரும்பி வந்தவர். அதன்பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானாகவே, முழுக் கட்டுப்பாட்டை எட்டியிருக்கிறார். எத்தனையோ மாதங்களாக ஒரு திணறல் இல்லை, ஓர் இருமல் இல்லை, இரவில் ஒரு விழிப்பு இல்லை! நலமான மனிதருக்கு விழாவுக்கு வர நேரம் இருக்காது. அவர் சார்பாகத் துணைவியார் கேடயத்தைப் பெற்றுக்கொள்வார்."

கைதட்டலுக்கு நடுவே அண்ணி தட்டுத் தடுமாறி மேடை ஏறினார். கேடயத்தைக் கையில் கொடுத்து, மைக்கை வாயருகே நீட்டினார்கள்.

"இரண்டு வார்த்தை சொல்லுங்கள் அம்மா. இப்போது எப்படி இருக்கிறார்?"

அண்ணி இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "அவரு மழைக்காலத்துலயே செத்துட்டாருங்க," என்றார்.

அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இயக்குநர் புள்ளியியல் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி தன் கணினியை அவசர அவசரமாகப் புரட்டிவிட்டு எழுந்து வந்து காதில் சொன்னார். மைக் அருகில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "திணறல் இல்லைங்கிறது மாறல சார்."

இயக்குநரின் முகம் தெளிந்தது. "நண்பர்களே, இது நமக்குப் பெரும் துயரம். ஆனால் அறிவியல் உணர்ச்சிவசப்படக் கூடாது. நாம் அளந்தது மூச்சுத்திணறலை. இறப்பு வேறு துறை. நம் துறையைப் பொறுத்தவரை, அவர் கடைசிவரை, அதற்குப் பின்னரும், கட்டுப்பாட்டில்தான் இருக்கிறார்."

யாரோ ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"அவருக்கு மருந்தே குடுக்கலைங்க!"

பதினைந்து வருடம் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது, மைக் தேவைப்படவில்லை. மைக்கம்மா கதவோரத்திலிருந்து நடைபாதைக்கு வந்துவிட்டாள். "நல்லா மூச்சு விட்டுட்டு இருந்த மனுஷன்கிட்டேர்ந்து மருந்தப் பிடுங்கி, திணறிக் காட்டுன்னு சொல்லி, திணறிக் காட்டினதுக்கப்புறம் அடுத்த மாசம் வான்னு அனுப்பினது நீங்கதானே! அவரக் கொன்னுட்டு அவருக்கே கேடயமா குடுக்கறீங்க?"

ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தான். அவள் வாயை மூட வருகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் கைக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தான்: நீண்ட வாக்கியம், ஒரே மூச்சில், இடையில் நிற்கவில்லை. "மேடம், நீங்க எங்க ஆய்வுல இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்," என்றான். அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

வாயிற்காவலர் அவளைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். அண்ணி தானாகவே மேடையிலிருந்து இறங்கிப் பின்னால் வந்தார். உள்ளே அடுத்த ஆய்வைப் பற்றிய அறிவிப்பு தொடங்கியிருந்தது.

வெளியே வெயிலில் கண் கூசியது. இருவரும் சுவரோரமாக இருந்த துளி நிழலில் நின்றார்கள். மைக்கம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது; வார்னிஷ் வாடை உள்ளே இறங்கியிருந்தது. பையிலிருந்து பம்பை எடுத்து இழுத்து, மூச்சைப் பிடித்து, மெதுவாக விட்டாள். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேடயத்தைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இடுப்பில் இடுக்கியிருந்தார். அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு," என்றார். "அந்த ரெட்ட மருந்து நெஜமாவே வேலை செய்யுமா?"

"செய்யும் அண்ணி. அவருக்கே செஞ்சுதே. மாடி ஏறினாரே."

"ஆமா, ஏறினாரு. வந்து சொன்னாரு." அண்ணி கேடயத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "அப்புறம் ஏம்மா அதப் பிடுங்கினாங்க?"

மைக்கம்மா பதிலை மாற்றிச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தாள். வேறு பதில் எதுவும் இல்லை.

"சரியா இழுத்துட்டாரு அண்ணி," என்றாள். "அதுக்குத்தான்."